ரங்கன் சாமியின் ஊசி

ஜூலை 3, புதன்
எங்கள் சித்தூர் சமுதாய வானொலியில் இன்று பாம்புக்கடி நிகழ்ச்சி. பெரியாஸ்பத்திரி டாக்டர் பூவராகவன் அரை மணி நேரம் ‘நச்சு முறிவு மருந்து’ என்றே பேசினார். ஒரே ஒரு போன் வந்தது, குடிபாலாவிலிருந்து. “பாட்டு எப்பம்மா போடுவீங்க?”
டாக்டருக்கு வருத்தம். மேனேஜர் கிளமென்ட் சாருக்குக் கோபம், என் மேல். நிகழ்ச்சியை நடத்துவது நான்தானே.

ஜூலை 10
மேனேஜரின் புது யோசனை: குடிபாலாவில் பாம்புக்கடிக்கு மந்திரிக்கும் ரங்கனை டாக்டரோடு மோதவிடுவது. “மூடநம்பிக்கையை மைக்லயே கிழிச்சிடலாம், லீனா.”
கிழிந்தது டாக்டர்தான். போன் ஓயவில்லை. எல்லாரும் கேட்டது ரங்கன் வீட்டுக்கு வழி. நானே மைக்கில் சொன்னேன், பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ச் சந்து என்று. சுகாதார நிகழ்ச்சியாம்.

ஜூலை 11
யாராவது அந்தச் சந்துக்குள் போய்ச் செத்தால்? மேனேஜரிடம் கேட்டேன்.
“இப்பத்தான் நாலு பேரு கேக்கறாங்க. கெடுக்காதேம்மா.”

ஜூலை 24
ரங்கனையே பாம்பு கடித்துவிட்டது. கடித்த உடனே மச்சான் பைக்கில் ஏறிப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். போய்ப் பார்த்தேன். கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது.
“உங்க மந்திரம் என்னாச்சு?”
“அது மத்தவங்களுக்கும்மா. தனக்குத்தானே போட்டுக்கினா பலிக்காது.”
சிரிப்பதா, அழுவதா?
“இங்க வந்து பொழச்சேன்னு ரேடியோவுல சொல்லுங்க” என்றேன்.
“அப்புறம் என் பொழப்பு?” மருந்து ஏறும் கையைப் பார்த்தார். “மொதல்ல ஊசி, அப்புறம் நானுன்னு சொல்றேன். போதுமா?”
போதும் என்றேன். டாக்டர் கேட்டால் என்னைக் கொன்றுவிடுவார்.

ஆகஸ்ட் 7
ஒலிபரப்பாகிவிட்டது. “பாம்பு கடிச்சா மொதல்ல பெரியாஸ்பத்திரிக்கு ஓடு. ஊசி போட்டுக்கினு எங்கிட்ட வா. ஊசி போடாத ஒடம்புல என் மந்திரம் நிக்காது.”
டாக்டர் போனில் கத்தினார். “இதுக்குப் பேரு மருத்துவமா?”
மருத்துவம் இல்லைதான். ஆனால், இந்த முறை யாருமே போன் போட்டுப் பாட்டுக் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 19
வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுக்கும்போது கன்னிகா என்ற பெண்ணைக் கண்ணாடி விரியன் கடித்திருக்கிறது. ஆட்டோ பிடித்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். பிழைத்துக்கொண்டாள்.
யார் சொல்லி உடனே வந்தாய் என்று டாக்டர் ஆசையாகக் கேட்டாராம்.
“ரங்கன் சாமிதான் ரேடியோவுல சொன்னாரு. ஊசி போட்டாச்சில்ல? அவராண்ட எப்ப சார் அனுப்புவீங்க?”
இதை டாக்டரே போனில் சொன்னார். கோபமில்லை.
பிறகு மெல்லக் கேட்டார்: “நாய்க்கடிக்கு மந்திரிக்கிறவர் யாராவது தெரியுமா, லீனா?”