உப்பு உள்ளேயே இருந்தது

செவ்வாய், இரவு.

நன்னீர் மீன்களைக் கொடுத்துவிட்டுக் கடல்மீன் தொட்டி வைத்து ஒரு மாதம் ஆகிறது. குன்னூர் குளிருக்கு ஹீட்டர் ஓயாமல் ஓடுவதால் தண்ணீர் சீக்கிரம் குறைகிறது. குறையும்போதெல்லாம் உப்புக் கரைத்த தண்ணீரையே ஊற்றினேன்.

போன வாரமே மனைவி கேட்டாள்: "ஏனுங்க, தண்ணிதான ஆவியாப் போவுது? உப்பு உள்ளயே கெடக்குமில்லீங்க?"

"பத்தாவது படிச்சவ எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்குப் பாடம் எடுக்காத" என்றேன். ஆபீசில் என்னைத் தாண்டி என்னைவிட இளையவன் ஒருவனுக்குப் பதவி உயர்வு கொடுத்த எரிச்சல் அவள்மேல் விழுந்தது.

இன்று காலை கோமாளி மீன் ஜோடியில் ஒன்று செத்து மிதந்தது. அளந்து பார்த்தேன். உப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. மற்றது மூச்சுக்குத் திணறியது.

அவள் குடத்தைக் கொண்டுவந்து வைத்தாள். "மீனுக்காச்சும் நல்ல தண்ணி ஊத்துங்க."

கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். மீன் பிழைத்துக்கொள்ளும். அவள் சொன்னதுதான் சரி என்று அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.