கதவுக்குப் பின்னால் வைத்த வாளிகள்

பக்கத்து வீட்டில் தீபாவளிக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். காலையிலிருந்து அந்த வாடை. ஜன்னலைச் சாத்தினேன், திறந்தேன், மறுபடி சாத்தினேன். நீ போய் மூன்று மாதமாகிறது. உன்னோடு எனக்குச் சண்டை இன்னும் முடியவில்லை.

நம் தோட்டத்துப் பாலர் பள்ளிக் கூரை ஏழெட்டு இடத்தில் ஒழுகியது. கோல சிலாங்கூர் வணிகர்கள் சேர்ந்து நடத்திய அறநிதி, சங்கங்களுக்கு உதவுகிறது என்று கேள்விப்பட்டோம். நீ நம் இளைஞர் சங்கத் தலைவன். நான் செயலாளர், தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி. மனுவை நான்தான் எழுதினேன். பதிவுப் பத்திரத்தின் நகல், கூட்டக் குறிப்பு, கூரைத் தகரத்துக்கு மூன்று கடைகளின் விலைச்சீட்டு, எல்லாம் சேர்த்தேன். கட்டடம் கம்பெனியுடையது என்பதால் மானேஜரின் கடிதமும் வேண்டும். அதற்காக ஐந்து முறை அவர் அறை வாசலில் நின்றேன். நீ ஒரு முறைகூட வரவில்லை. அதையும் நான் மறக்கவில்லை.

நேரில் பார்க்க வருகிறோம் என்று பதில் வந்தது. எதையும் தொடாதே என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் அன்று வேலைக்குப் போனேன். மதியம் வந்து பார்த்தால் சுவரெல்லாம் வெள்ளை. வாசலில் மாவிலைத் தோரணம். கோயில் நாற்காலிகள் வரிசையாக. ஒழுகும் இடங்களில் இருந்த வாளிகளை மட்டும் காணோம்.

"வாளியெல்லாம் எங்கடா?"

"கதவுக்குப் பின்னால. ஆள் வரப்ப நடுவுலயா வச்சிருப்பாங்க?"

"விருந்தா வைக்கிறோம்? கூரை கேக்குறோம்டா."

"கேக்கலாம் லா. அதுக்குன்னு பிச்சக்காரன் மாதிரி நிக்கணுமா?"

தொழிலாளர் லயத்துப் பெண்கள் சிரித்தார்கள். "கிராணியாருக்கு மழை வரலன்னு கவலை," என்றாள் ஒருத்தி. உண்மைதான். அன்று பார்த்து வானம் வெளுத்துக் கிடந்தது.

வந்தவர் வடை சாப்பிட்டார். சுவரைத் தடவிப் பார்த்தார். "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க தம்பி. இத விட மோசமான இடமெல்லாம் இருக்கு," என்றார். நான் கூரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருக்க, நீ அந்தப் பாராட்டுக்குத் தலை குனிந்து நன்றி சொன்னாய்.

மறுப்புக் கடிதம் இரண்டே வரி. அடுத்த மழைக்காலத்தில் பள்ளி நின்றது. பிள்ளைகள் மறுபடி தாய்மார்களோடு செம்பனைக் காட்டுக்குப் போனார்கள், என் அக்காள் மகள் உட்பட. உன்னிடம் பேச்சை நிறுத்தினேன். நீ ஈஜோக்குக்குக் குடிபோனபோதும் வழியனுப்ப வரவில்லை. ஒரு முறை சந்தையில் பார்த்து, "கிராணி, இன்னும் கோவமா?" என்றாய். நான் மீனைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

உன் சாவு வீட்டுக்கு வந்தேன். நல்ல மழை. உன் தலைமாட்டுக்குப் பக்கத்திலேயே கூரை ஒழுகியது. உன் மனைவி ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தார். நீ கடைசியாக வேலை பார்த்த ரவாங் தொழிற்சாலையின் மேலாளர் காரிலிருந்து இறங்குவது தெரிந்தது. யாரும் சொல்லவில்லை, நானே எழுந்தேன். வாளியை எடுத்துக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். சொட்டு விழுந்த இடத்தில், அவர் மாலை போட்டுவிட்டுப் போகும்வரை, நானே நின்றுகொண்டேன்.

நீ செய்தது தவறு. அந்தப் பிள்ளைகளுக்காக இன்னும் அதையேதான் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் என் வலது தோள் நனைகிறது.