பக்கத்தில் ஏறாத வரி

உட்துறைமுக வீதி,
திருகோணமலை.

அன்புள்ள தம்பி றிப்திக்கு,

நேரத்துக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, வேலைக்குப் போய் வருகிறீர் என்று நம்பி எழுதுகிறேன். உமது மச்சானின் ஜனாஸா அடக்கம் நடந்த நாளிலிருந்து உமது போன் அணைந்தே கிடக்கிறது. இங்கே பிள்ளைகள் சுகம். மழைதான் விட்டபாடில்லை.

குச்சவெளிக்குப் போய் உமது கூடப்பிறந்த ராத்தா பரீதாவைப் பார்த்தேன். புருஷனை இழந்து, வெளியே வராமல் இத்தாவில் இருக்கிறா. மச்சானோடு கடலுக்குப் போய் நீந்திக் கரையேறியவர் சொன்னதை அவவே எனக்குச் சொன்னா. அன்று காலை நம் வானிலைக் கம்பனியின் எச்சரிக்கை மச்சானின் போனுக்கு வந்திருக்கிறது: பதினொரு மணிக்குக் கடும் காற்று. மச்சான் கலீலுர் றஹ்மான் அதை நம்பி, போட்டைத் தள்ளாமல் காத்திருந்திருக்கிறார். பதினொன்று போய் மதியமும் கழிந்தது. கடல் குளம்போலக் கிடந்ததாம். "மெசேஜ் பிழை போல, வா போவம்" என்று இறங்கியிருக்கிறார்கள். நாலரைக்குக் காற்று வந்து போட்டைக் கவிழ்த்தது.

அந்தப் பதினொன்று கிரீன்விச் நேரம். நம் நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்ட வேண்டும். அதை நீர் எழுதாமல் விடவில்லை. கணினி நிரலுக்குள் குறிப்பு எழுதும்போது, இப்படியான விஷயங்களுக்கென்றே '@கவனம்' என்று ஒரு அடையாள டேக்கை நீரே உண்டாக்கி, அதன் கீழ் "இது கிரீன்விச் நேரம், உள்ளூர் நேரமாக மாற்றிக் காட்டவும்" என்று எழுதினீர். ஆனால் அந்தக் குறிப்புகளிலிருந்து ஆவணப் பக்கங்களைத் தயாரிக்கும் மென்பொருளில் புது டேக்கைப் பதிய வேண்டும். பதியாவிட்டால் அது சத்தமில்லாமல் அந்த வரியைத் தாண்டிப் போய்விடும். பதியும் அனுமதி முகாமையாளர் குணரத்தினத்திடம் மட்டுமே இருந்தது. நீர் கேட்டபோது நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். "இப்ப ஏலாது, அடுத்த வெளியீட்டில பாப்பம்" என்றார். நீர் வேலையை விட்டுத் தோஹாவுக்குப் போனீர். போன் செயலியைச் செய்த கொழும்புக்காரர் நாங்கள் கொடுத்த பக்கத்தைப் பார்த்துத்தான் செய்தார்கள். அதில் உமது வரி இல்லை.

இரண்டாம் தரம் கேட்காமல் விமானம் ஏறிவிட்டேனே என்று உம்மையே வதைத்துக்கொண்டிருப்பீர். எனக்குத் தெரியும்.

போன கிழமை கம்பனியில் விசாரணை வைத்தார்கள். விலகிப் போனவர் குறிப்பே எழுதவில்லை என்றார் குணரத்தினம். நான் எழும்பி நடந்ததைச் சொன்னேன். ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு, டேக்கைப் பதிந்து பக்கங்களைத் திரும்பத் தயாரிக்கும் வேலையை என்னிடமே தந்தார்கள். செய்து முடித்தேன். இப்போது உமது வரி பக்கத்தின் தலையிலேயே நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு அழுதேன். மறுநாள் என்னை வேலையிலிருந்து நிற்பாட்டிவிட்டார்கள். அதைப்பற்றி நீர் யோசிக்க வேண்டாம்.

ராத்தாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவ, "அவன் எழுதினவன் எண்டா, ஏன் எனக்கு ஒரு கோல் எடுக்கிறான் இல்ல?" என்று கேட்டா.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் உமது கூட்டாளி நஸ்ரி சில நாள் உம்மோடு தங்கட்டும். உம்மைத் தனியே விடப் பயந்து நான்தான் கேட்டுக்கொண்டேன், கோபிக்க வேண்டாம். அவரை வைத்துக்கொண்டே ராத்தாவுக்குக் கோல் எடும். அவ ஒன்றும் கதைக்காமல் அழுதாலும் போனை மட்டும் வைத்துவிடாதேயும்.

நீர் நீண்டகாலம் இருக்கக் கோணேசப் பெருமானை வேண்டும்,
நிரோஜினி அக்கா