ஞாயிறு ஐந்து மணி, நூலக மாடி

ஆகஸ்ட் 2

என் அன்பு வாயாடிக்கு,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய், உனக்கென்ன கேடு. போனில் கூப்பிட்டிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீ என்னை எப்போது பேச விட்டிருக்கிறாய்? கடிதம் என்றால் நான் முடிக்கும் வரை நீ வாயை மூடிக்கொண்டு இருந்தாக வேண்டும். அதற்காகவே பன்னிரண்டு வருடமாகத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நாம் படித்த ஊரில், அதாவது இப்போது நீ மட்டும் இருக்கும் ஊரில், செப்டம்பர் 19, 20 சனி ஞாயிறு இரண்டு நாளும் பதினோரு அரங்குகளில் நேரடி இசையாம். பேப்பரில் போட்டிருந்தது. நான் வருகிறேன். உன்னைக் கேட்கவில்லை, சொல்கிறேன். படுக்கையில் இருக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரைச் சம்மதிக்க வைத்துவிட்டேன். அது எப்படி நடந்தது என்பதை நேரில் சொல்கிறேன், காகிதம் தாங்காது. வீட்டுக்காரர், "ரெண்டு நாள்தானே, போயிட்டு வா. எப்பப் பாரு அந்த மிஷின் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருக்க" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் பேசிய மிக நீளமான வசனம் இதுதான்.

அவர் சொன்னது சரி. பல் செட் செய்யும் எங்கள் கூடத்தில் காலை ஒன்பது மணிக்குத் தேய்க்கும் மிஷின் ஓட ஆரம்பித்தால் ஆறு மணிக்குத்தான் நிற்கும். பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இந்த ஊரில் பாதிப் பேருக்குச் சொல் செய்து கொடுப்பது நான்தான். பல் அச்சு வார்க்கும் மாவின் தூசியில் எனக்கு இழுப்பு அதிகமாகிவிட்டது, பாடுவது நின்று வெகுகாலமாயிற்று. ஆனால் கேட்கலாமே. உன் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு நாள் வயிறு முட்டப் பாட்டுக் கேட்க வேண்டும். இந்த வருடம் எனக்கு வேறு ஆசையே இல்லை.

விடுதியில் துணி துவைக்கும் அறை ஞாபகம் இருக்கிறதா? நான் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து மெட்டுப் போடுவேன், நீ எதிரே நோட்டில் சுரம் எழுதுவாய். எனக்கு எழுத வராது, உனக்கு மெட்டு வராது. "நம்ம ரெண்டு பேரையும் சேர்த்தாத்தான்டி ஒரு ஆள்" என்பாய். முப்பத்தொரு மெட்டு! அந்த நோட்டைக் கரையான் தின்றுவிட்டதோ என்னவோ.

உடனே பதில் போடு.

உன்,
நெட்டை


ஆகஸ்ட் 9

என் நெட்டைக்கு,

கடிதத்தைப் பார்த்ததும் துள்ளிக் குதித்தேன். வாடி, வா. மாடி அறையை ஒழித்து வைக்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவையாவது என் வீட்டு வாசற்படியை மிதித்திருக்கிறாயா? எத்தனை தரம் கூப்பிட்டிருப்பேன்! இப்போது பாட்டு என்றதும் ஓடி வருகிறாய்.

இசைப் பள்ளியில் எனக்கு இப்போது நாற்பது பிள்ளைகள். தொண்டை போய்விடுகிறது. நீ வைத்த வாயாடி என்ற பெயர் போய் விரைவில் ஊமை என்று வரும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபிக்காதே. இரண்டு நாளும் கூட்டத்தில் இடிபட்டால் உன் நெஞ்சு தாங்குமா? சனிக்கிழமை முழுக்கச் சுற்றுவோம். ஞாயிறு வீட்டிலேயே இருந்து ஆற அமரப் பேசுவோம். நமக்குப் பேச எவ்வளவு இருக்கிறது!

நோட்டு எங்கேயோ பெட்டிக்கு அடியில் கிடக்கும். தேடிப் பார்க்க வேண்டும்.

ஆயிரம் முத்தங்களுடன்,
வாயாடி


ஆகஸ்ட் 17

அன்பு வாயாடிக்கு,

ஞாயிறு வீட்டிலா? கரும்பு தின்னக் கூப்பிட்டுவிட்டுச் சக்கையைக் காட்டுகிறாயே. பேசுவதை அரங்குக்கு அரங்கு நடக்கும்போது பேசிக்கொள்ளலாம்.

எங்களுக்கு வேலை கொடுக்கும் பல் டாக்டர் ஒருவர் இந்த விழாக் குழுவுக்கு வேண்டியவர். முழு நிகழ்ச்சி நிரலையும் அவரிடம் வாங்கிவிட்டேன். இரண்டு நாளாக மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். எந்த அரங்கிலிருந்து எந்த அரங்குக்கு எத்தனை நிமிட நடை, எங்கே நின்று நான் மூச்சு வாங்கலாம், எல்லாம் கணக்குப் போட்டாயிற்று. சனிக்கிழமை பத்து மணிக்கு ரயில் நிலையத்துக்குப் பக்கத்துக் கூடத்தில் வயலின். பிறகு பூங்காவில் கிட்டார்க்காரர்கள். அங்கே மரநிழல் உண்டு, உன் குடையை வீட்டில் வைத்துவிட்டு வா, ஆயுதம்போல் அதை நீட்டிக்கொண்டு நடப்பாய். ஞாயிறு காலை தூங்கலாம், போனால் போகிறது.

ஆனால் ஞாயிறு ஐந்து மணியை நான் விட மாட்டேன். பழைய நூலகத்தின் மூன்றாம் மாடியில் ஏழு பெண்கள் சேர்ந்த குழு ஒன்று பாடுகிறது. "சொந்த மெட்டுகள்" என்று போட்டிருக்கிறது, யார் யார் என்று போடவில்லை. ஏழு பெண்கள், சொந்த மெட்டு! நாம் இரண்டு பேர் இருந்தோம், அவர்கள் ஏழு பேர். அவர்களை நான் பார்த்தே ஆக வேண்டும். உனக்குத் தெரிந்தவர்களா?

உன்,
நெட்டை


ஆகஸ்ட் 24

நெட்டை,

அவசரமாக எழுதுகிறேன், பிள்ளைகளுக்குத் தேர்வு. உன் நிரல் பிரமாதம். அந்த நூலக மாடியை மட்டும் விட்டுவிடு. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது, நீ பாதியில் உட்கார்ந்துவிடுவாய். அந்தப் பெண்கள் பாடி நான் கேட்டிருக்கிறேன், சுமார்தான், கத்துக்குட்டிகள். அதே நேரத்தில் ஆற்றங்கரை அரங்கில் ஒரு பெரியவர் புல்லாங்குழல் வாசிக்கிறார், அங்கே உனக்கு இடம் சொல்லி வைத்துவிட்டேன். பள்ளியில் எனக்கு அன்றைக்கு ஒரு சின்ன வேலை, ஏழு மணிக்கு வந்து உன்னை அழைத்துக்கொள்கிறேன்.

மறுக்காதே, ராசாத்தி.

வாயாடி


செப்டம்பர் 3

வாயாடிக்கு,

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஒரு கீழ்த்தாடைப் பல் செட்டுக்கு மெழுகு வைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேசைக்காரர் எப்போதும் ரேடியோ போட்டு வைப்பார். "பதினோரு அரங்குகளில் கேட்கப் போகும் இசை" என்று ஒரு நிகழ்ச்சி. ஒரு பாட்டு ஆரம்பித்தது. முதல் அடியில் எனக்குக் கை நின்றது. இரண்டாம் அடி முடிந்ததும் பாட்டு ஒரு தாளம் சும்மா நின்றது. பிறகு மேலே ஏறியது.

நிகழ்ச்சி நடத்தியவர் உருகிவிட்டார். "அந்த ஒரு தாள மௌனம் இருக்கே, அதுதாங்க இந்தப் பாட்டோட உயிர். எப்படித் தோணிச்சு உங்களுக்கு?" என்றார். அதற்குப் பதில் சொன்ன குரல் உன் குரல். "ஒரு மழை நாள்ல ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன், தானா வந்துச்சு" என்றாய்.

மழை நாளா, வாயாடி? அது கடைசி வருடத் தேர்வுக்கு முந்தின வாரம். எனக்குச் சளி கட்டி இழுப்பு எடுத்திருந்தது. இரண்டாம் அடி முடிந்து மூச்சு வரவில்லை, வாளியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தாளம் திணறினேன். நீ எழுதுவதை நிறுத்தவில்லை, அந்தத் திணறலையும் ஒரு காலித் தாளமாக எழுதினாய். "அது பாட்டில்லடி, என் இழுப்பு. அடிச்சுடு" என்றேன். "நீ பாடினதை அப்படியே எழுதறதுதான் என் வேலை, கூட்டவும் மாட்டேன் குறைக்கவும் மாட்டேன்" என்று சிரித்தாய். என் மூச்சுமுட்டலுக்கு ஊரே கை தட்டுகிறது, நீ நின்று வணக்கம் சொல்கிறாய்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தாயா? மூன்று மாடி, லிஃப்ட் இல்லை, கத்துக்குட்டிகள், புல்லாங்குழல் பெரியவர்! என் நெஞ்சின் மேல் உனக்கு எத்தனை அக்கறை! இதைப் படிக்கும்போது உன் முகம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும்போல் இருக்கிறது.

எத்தனை மெட்டு எடுத்தாய்? அதை மட்டும் எழுது.

நெட்டை


செப்டம்பர் 8

நெட்டை,

முப்பத்தொன்றும்.

திட்டு. ஆனால் நான் சொல்வதையும் கேள். கல்யாணத்துக்குப் போகும்போது நோட்டை என் கையில் கொடுத்தாயே, "எனக்கு எதுக்குடி இது, நீ வச்சுக்கோ" என்றாயே, அது பொய்யா? அதன் பிறகு நீ பாட வாயைத் திறக்கவில்லை. நான்தான் அவற்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன், குழு சேர்த்தேன், நாலு பேர் கேட்கும்படி செய்தேன். உன்னிடமே இருந்திருந்தால் அவை அந்த மிஷின் சத்தத்தில் செத்திருக்கும். என்மேல் சத்தியமாக, முதலில் உண்மையைத்தான் சொன்னேன். பேப்பர்க்காரர்களிடம் "என் தோழி போட்ட மெட்டு" என்றேன். "அவங்க எங்க? பேட்டி எடுக்கணும்" என்றார்கள். "வேற ஊர்ல, பல் செட் செய்யறா" என்றேன். சிரித்தார்கள். அடுத்த தடவை யாரோ கேட்டபோது "நான்தான்" என்று வாயில் வந்துவிட்டது. ஒரு தடவை சொன்ன பிறகு எப்படித் திருப்பி எடுப்பது?

உன்னைப் பார்க்கப் பயந்துதான் நூலகத்துக்கு வராதே என்றேன். இப்போது சொல்கிறேன், வா. முன்வரிசையில் நடு நாற்காலி உனக்கு. எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்கிறேன். சொல்லாவிட்டால் என் முகத்தில் விழிக்காதே.

வாயாடி


செப்டம்பர் 22

வாயாடிக்கு,

சனிக்கிழமை நான் வரவில்லை, வயலினும் வேண்டாம், கிட்டாரும் வேண்டாம் என்று இருந்துவிட்டேன். ஞாயிறு மத்தியான பஸ்ஸில் வந்து, அந்த மூன்று மாடியையும் நாலு தரம் நின்று நின்று ஏறினேன். நடு நாற்காலியில் ஒரு காகிதம் ஒட்டி வைத்திருந்தாய். உட்கார்ந்தேன்.

ஆறு பாட்டும் நன்றாக இருந்தன. பொய் சொல்ல எனக்கு வராது. அந்தச் சின்னப் பெண், இடது ஓரத்தில் நின்றாளே, அவள் பாடியபோது எனக்குக் கண் கலங்கியது. நான் நினைத்தபடியே அவள் பாடினாள், அதைவிட நன்றாகவே பாடினாள்.

பிறகு நீ மைக்கை எடுத்தாய். "இந்தப் பாட்டுக்கெல்லாம் எனக்குத் தூண்டுகோலா இருந்த என் உயிர்த்தோழி முன்னாடி உட்கார்ந்திருக்கா. நெட்டை, எழுந்திருடி, எல்லாரும் பார்க்கட்டும்" என்றாய்.

தூண்டுகோல்! ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பதுபோல, என் நெய்யில் எனக்கே ஒரு சொட்டு விட்டாய். சபை கை தட்டியது. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து கும்பிட்டேன். சிரித்தேன்கூட. நீ செய்ததை ஒருநாள் மன்னித்தாலும் மன்னித்துவிடுவேன். நான் எழுந்து கும்பிட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. "இல்ல, மெட்டு என்னுது" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? வாயில் வரவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் குனிந்து, "நீங்களும் பாடுவீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

நீ மேடையை விட்டு இறங்கி என்னைத் தேடுவதற்குள் இறங்கிப் போய்விட்டேன். இறங்குவதற்கு மூச்சு தேவையில்லை. நோட்டை உனக்குக் கொடுத்தது உண்மைதான். நோட்டைத்தான் கொடுத்தேன், வாயாடி.

வீட்டுக்காரர், "எப்படி இருந்துச்சு?" என்றார். "நல்லா இருந்துச்சு" என்றேன். இனி எனக்கு எழுதாதே.

நெட்டை


நவம்பர் 14

என் நெட்டைக்கு,

எழுதாதே என்றாய், இரண்டு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உன் மாமியார் எப்படி இருக்கிறார்? இழுப்புக்கு மருந்து ஒழுங்காக எடுக்கிறாயா?

அன்றைக்கு முழுசாகச் சொல்லத்தான் மைக்கை எடுத்தேன். அந்த ஏழு முகங்களும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நாக்கு புரண்டுவிட்டது. நான் கோழை, அது உனக்கு எப்போதும் தெரியும்.

அடுத்த வருடமும் எங்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள், பெரிய அரங்கு. புதிய மெட்டுகள் வேண்டுமாம், பழையது ஒன்றும் கூடாதாம். நாற்பது நாளாக ஒவ்வொரு காலையும் வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்காருகிறேன். ஒன்றும் வரவில்லை. வராது என்று உனக்குத் தெரியும். இந்தப் பிள்ளைகளிடம் நான் என்ன சொல்வேன்?

இந்தத் தடவை உன் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுகிறேன், எழுதிக் கையெழுத்திட்டுத் தருகிறேன். ஒரே ஒரு மெட்டு, நெட்டை. போனில் பாடு போதும், நான் எழுதிக்கொள்கிறேன். உன் காலில் விழுகிறேன்.

உன்,
வாயாடி


நவம்பர் 20

வாயாடிக்கு,

மாமியார் அப்படியே இருக்கிறார். மருந்து எடுக்கிறேன்.

மெட்டு இருக்கிறது. ஒன்றில்லை, மூன்று. முதலாவது அந்த ஞாயிறு திரும்பி வரும் பஸ்ஸிலேயே வந்துவிட்டது. மிஷின் ஓடும்போது மாஸ்க்குக்குள் பாடிக்கொள்கிறேன், பக்கத்து மேசைக்காரருக்குக்கூடக் கேட்காது. மூன்றாவது ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. கேட்டால் நீ அழுவாய்.

எழுதி வைக்க எனக்குத் தெரியாது. நான் போகும்போது என்னோடு போய்விடும். போகட்டும். உனக்குத் தர மாட்டேன்.

நெட்டை