நான்காம் அறை நிரம்பியது

பெய்கான் தீவு,
பிப்ரவரி 12

தியான்ஃபுவுக்கு,

என் கையெழுத்தைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று பதறாதே. செத்தது இன்டர்நெட். கடலுக்கடியில் கிடந்த இரண்டு கம்பிகளும் அடுத்தடுத்து அறுந்துவிட்டன. ஒரு செய்தி அனுப்பினால் அது போய்ச் சேர்வதற்குள் சோறு வெந்துவிடுகிறது. போனில் கூப்பிடலாம்தான். ஆனால் நாம் போனில் பேசினால் எதில் போய் முடியும் என்று உனக்கே தெரியும்.

நீ செய்து கொடுத்த நம் விடுதியின் இணையப் பக்கம் திறக்கவில்லை. வைஃபையில் கோடெல்லாம் முழுசாகத் தெரிகிறது, உள்ளே ஒன்றுமில்லை. உன்னைப் போலவே கூசாமல் பொய் சொல்கிறது. உங்கள் கம்ப்யூட்டர் ஆட்கள் மெஷின் மக்கர் பண்ணக்கூடாது என்று வைப்பார்களே, 'சமத்தா இரு' என்று பேர் போட்ட பச்சைப் பொரிப் பொட்டலம், அதையும் கணினி மேல் வைத்துப் பார்த்துவிட்டேன். மீன்காரர் ஜின்ஹுவோ வேறு வாசலில் நின்று, "ஏம்மா, உன் புருஷன் பொழப்பே கம்பியிலதானே ஓடுது? வந்து ஒரு முடிச்சு போட்டுட்டுப் போகச் சொல்லேன்!" என்று ஊருக்கே கேட்கக் கத்துகிறார்.

விளையாட்டில்லை. கடல் இரவில் நீலமாக ஒளிரும் பருவத்துக்கு இப்போதே ஆட்கள் அறை கேட்டாக வேண்டும். ஏப்ரல் தொடக்கத்தில் வரும் சிங்மிங் திருநாளுக்குள் முன்பதிவு வராவிட்டால் விடுதியைப் பூட்டிவிட்டு தாவ்யுவானில் தம்பி வீட்டோடு போய்விடுவேன். பூட்டினால் உனக்கும் சேர்த்துத்தான் பூட்டு. பக்கம் கடலில் மூழ்கிவிட்டதா, இருக்கிறதா? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

யுவேலான்

ஷின்ச்சு,
பிப்ரவரி 21

யுவேலானுக்கு,

பதறத்தான் பதறினேன். பிறகு படித்துச் சிரித்தேன்.

பொட்டலத்தை வைத்த இடம் தப்பு. நம் பக்கம் உன் கணினிக்குள் இல்லை. அது இங்கே, நான் வேலை பார்க்கும் கூடத்தில், ராத்திரி பகல் அணைக்காத ஒரு கணினியில் இருக்கிறது. அதற்குப் பேர்தான் சர்வர். கேட்பவர்களுக்கெல்லாம் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. உன் திரையில் நீ திறக்கிறாயே பிரௌசர், அது வெறும் ஜன்னல். ஜன்னலுக்குள் கடல் இருக்கிறதா என்ன? விடுதிப் பெயரைத் தட்டுகிறாயே, அது முகவரி. எந்த சர்வரிடம் போய்க் கேட்பது என்று அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கும். வைஃபை பொய் சொல்லவில்லை, பாவம். அது உன் போனிலிருந்து விடுதி வரவேற்பறையில் இருக்கும் பெட்டி வரைக்கும்தான். அதற்கப்பால் இணையம். அந்த வழிதான் கடலில் அறுந்து கிடக்கிறது.

ஆக, பக்கம் பத்திரம். உலகத்தில் எங்கிருந்தும் அதைப் பார்க்கலாம், உன்னைத் தவிர! ஆட்களும் அறை கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உன் பேரில் நானே பதில் போடுகிறேன். ஏப்ரலில் பாதி நிரம்பிவிட்டது.

ஒரு பிழையையும் சரிசெய்தேன். கடல் பார்த்த நான்காம் அறை எந்த நாளைத் தொட்டாலும் 'நிரம்பியது' என்றே காட்டியது. ஆனால் தங்குபவர் பேரே இல்லை. இத்தனை வருஷம் எத்தனை வருமானம் போயிற்றோ! இப்போது திறந்துவிட்டேன். தைச்சுங்கிலிருந்து ஒரு புதுத் தம்பதி கேட்டிருக்கிறார்கள்.

தியான்ஃபு

பெய்கான்,
மார்ச் 2

அறிவாளிக்கு,

அது பிழை இல்லை.

நீ மூன்று வருஷத்தில் வருகிறேன் என்று போனவன். பதினோரு வருஷமாக ஒவ்வொரு பருவத்திலும் முதல் வேலையாக அந்த அறையை 'நிரம்பியது' என்று போடுவது நான்தான். உன் கால்சட்டை அங்கேதான் தொங்குகிறது. உன் தூண்டிலும் அங்கேதான். "அந்த ரூம்ல யாரும்மா இருக்காங்க?" என்று விருந்தாளிகள் கேட்டால், "வீட்டுக்காரர் தூங்குறாரு" என்பேன். இப்போது தைச்சுங் பிள்ளைகளை உன் கால்சட்டையோடு குடித்தனம் பண்ணச் சொல்லவா?

இன்னொன்று. பக்கத்தை எங்கிருந்தும் பார்க்கலாம் என்கிறாய். நன்றாகவே புரிந்தது. அப்படியானால் அதை எங்கிருந்தும் கவனித்துக்கொள்ளவும் முடியும்தானே? அந்த சர்வர் அருகில் உட்கார்ந்து நீ எதற்குக் காவல் காக்கிறாய்? எனக்குக் கோபம் இல்லை. அழுகைதான் வருகிறது. வேறு எதையும் விளக்க வேண்டாம், இதை மட்டும் விளக்கு.

யுவேலான்

ஷின்ச்சு,
மார்ச் 12

யுவேலானுக்கு,

இதற்கு விளக்கம் இல்லை. நான்கு நாளாகத் தேடிப் பார்த்துவிட்டேன்.

தைச்சுங் தம்பதிக்கு இரண்டாம் அறையை மாற்றிக் கொடுத்தேன். "கடல் தெரியுமா சார்?" என்று கேட்டார்கள். காது நிறையக் கேட்கும் என்றேன்.

மேலாளரிடமும் பேசிவிட்டேன். "யோவ், திடீர்னு என்ன?" என்றார். வீட்டில் ஒரு பிழை இருக்கிறது, நேரில் போய்த்தான் சரிசெய்ய வேண்டும் என்று சொன்னேன். மார்ச்சோடு வேலை முடிகிறது. சர்வர் இங்கேயே இருக்கட்டும், அதன் மேல் பச்சைப் பொட்டலம் இருக்கிறது, சமத்தாக இருக்கும்.

எல்லாரையும் போல நானும் பக்கத்தில் போய் நான்காம் அறையைக் கேட்டேன். வரும் நாள், ஏப்ரல் 10. புறப்படும் நாளையும் எழுதாமல் அது விடவே இல்லை. நான் போட்ட விதிதான். இன்று அந்த விதியைத் தூக்கிவிட்டேன். இப்போது அந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். நீ ஏற்பாயா?

தியான்ஃபு

பெய்கான்,
ஏப்ரல் 1

கிழவா,

நேற்று கம்பியைச் சேர்த்துவிட்டார்கள். தெருவெல்லாம் போன்கள் ஒரே சத்தம். ஜின்ஹுவோ, "முடிச்சு போட்டாச்சு டோய்!" என்று கூவிக்கொண்டே மீன் விற்றார். இதைச் செய்தியாகவே அனுப்பியிருக்கலாம். ஆனால் உன் சட்டைப்பையில் காகிதமாக இருந்தால் நல்லது என்று தோன்றியது.

பக்கம் திறந்ததும் உன் முன்பதிவு வந்து நின்றது. உன் கால்சட்டையைத் துவைத்துக் காயப்போட்டேன். உன் வயிற்றுக்கு இனி அது ஏறாது, இருந்தாலும். மீன் நூடுல்ஸுக்கு மாவும் சொல்லிவைத்தேன்.

பிறகு உட்கார்ந்து, நான்காம் அறைக்கு எப்போதும் போல 'நிரம்பியது' என்று போட்டேன். பதினோரு வருஷத்தில் இந்தத் தடவைதான் அது பொய்யில்லை.

உன்
யுவேலான்