அன்றைக்கு உன் பெட்டி ஏன் பேசவில்லை

நான் விசைகளைத் தட்டுகிற சத்தத்திலேயே என் கோபத்தைக் கண்டுபிடித்துவிடுகிற என் அண்ணனுக்கு,

நீ போய் மூன்று வருஷம். அழுகையெல்லாம் முடிந்துவிட்டது. இப்போது வயிறு பற்றி எரிகிறது அண்ணே, அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தம்புள்ளையில் வாங்கிய பழைய கம்ப்யூட்டர் பெட்டியை நீ பஸ்ஸில் கொண்டுவந்த நாள் ஞாபகமிருக்கிறதா? சோதனைச் சாவடியில் உள்ளே இருந்த வயர்களைப் பார்த்து உன்னை இரண்டு மணிநேரம் நிற்க வைத்தார்கள். "கண்ணு தெரியாத தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டுற பொட்டி சார்" என்று நீ சிங்களத்தில் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போய் வந்தாய்.

அதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டாய். நான் தட்டுகிற எழுத்தை அது வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு எத்தனை முறைகள், எத்தனை சண்டை! ஓ.எஸ்.எஸ். என்ற பழைய முறையில் தட்டியதுமே குரல் வரும். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு நிரலுக்குத்தான் சவுண்ட் கார்ட். வேறொன்று அதைப் பிடித்திருந்தால் குரல் வெளியே வராது. ஈ.எஸ்.டி. என்ற இன்னொரு முறை எல்லாவற்றையும் கலந்து ஒன்றாக ஒலிக்க விடும். ஆனால் மூன்றாவது எழுத்துக்கு விரல் போகும்போதுதான் முதல் எழுத்து காதுக்கு வரும். எனக்கு அது தலைவலி. அதனால் நீ ஓ.எஸ்.எஸ்.ஸையே வைத்தாய்.

மாத்தளை டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய உன் கூட்டாளி சிவபாலன் ஈ.எஸ்.டி.தான் சரி என்றான். அவனுடைய மாணவர்களுக்கு முன்னாலேயே நான் இரண்டையும் தட்டிப் பார்த்து, "அண்ணன் வச்சதுதான் சரி" என்றேன். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு அப்போதே பிடிக்கவில்லை.

பிறகு அந்த மண்டபத்தில் நடந்த தேர்வு. பார்வையில்லாத பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்க ஒரு ஆசிரியை வேண்டும் என்று ஊர்ப் பெரியவர்கள் கூப்பிட்டிருந்தார்கள். நீ ஸ்பீக்கர் எடுத்துவரப் போனபோது சிவபாலன்தான் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றான். நீ வந்ததும் நான் மேடையில் உட்கார்ந்து தட்டினேன். பெட்டி வாயே திறக்கவில்லை. நீ வயரை ஆட்டினாய், ஸ்பீக்கரை மாற்றினாய். ஐந்து நிமிஷத்தில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். வேலை சிவபாலனின் மச்சினிச்சிக்குப் போனது.

கிட்னி வருத்தத்தில் படுத்திருந்த அந்த ஆறு மாதமும் நீ வேறெதுவும் பேசவில்லை. "என் பிழைதான் புள்ள. அவன் சொன்னதக் கேட்டிருந்தா நீ இன்னைக்கி டீச்சர்." கடைசி வாரமும் இதையே சொன்னாய்.

உனக்கு ஒரு செய்தி. இப்போது அல்சா என்று ஒரு முறை வந்திருக்கிறது. கலக்கவும் செய்யும், தாமதமும் இல்லை. நீயும் சிவபாலனும் அடித்துக்கொண்டது அதோடு தீர்ந்தது. அதற்கு மேல் பல்ஸ் ஆடியோ என்று புதிதாக ஒன்றை ஏற்றியிருக்கிறார்கள். அதில் குரல் கரகரவென்று உடைகிறது.

பார்வையில்லாத பிள்ளைகளுக்காகச் சிவபாலன் திறக்கப்போகிற புதிய கூடத்தில் பன்னிரண்டு கம்ப்யூட்டர், எல்லாவற்றிலும் அந்தக் கரகரப்பு. என்னைத்தான் தேடி வந்தான். போனேன். பல்ஸை எடுத்துவிட்டு அல்சாவை நேராக வைத்துக்கொண்டிருந்தேன். காதில் ஹெட்ஃபோன் இருந்ததால் எனக்கு எதுவும் கேட்காது என்று நினைத்துவிட்டான். பக்கத்து அறையில் யாரிடமோ சொல்கிறான்:

"அன்னைக்கி அந்தப் பொட்டி ஏன் பேசலன்னு நெனைக்கிறீங்க? அவன் ஸ்பீக்கர் எடுக்கப் போன நேரம் நான்தான் பாட்டு ஒன்ன ஓட விட்டு, சத்தத்த சுத்தமாக் கொறச்சு மறைச்சு வச்சேன். சாகிற வரைக்கும் அவனுக்கு வெளங்கல."

ஹெட்ஃபோனில் எதுவுமே ஓடவில்லை அண்ணே. ஒரு சொல் விடாமல் கேட்டேன். அந்தப் பாட்டு சவுண்ட் கார்டைப் பிடித்து வைத்திருந்ததால்தான் அன்றைக்குக் குரல் வெளியே வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பன்னிரண்டையும் சரிசெய்துவிட்டுத்தான் எழுந்தேன். "தேங்க்ஸ் தங்கச்சி" என்றான், வாய் கூசாமல்.

அம்மாவிடம் சொன்னேன். "விடு புள்ள, மேல இருக்கிறவன் பாத்துக்குவான்" என்றார். மேலே இருக்கிறவன் பார்க்கிறபோது பார்க்கட்டும். எனக்கு அவ்வளவு பொறுமை இல்லை. உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தான் ஆக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. அன்றைக்கு வேலை கொடுக்காத அதே பெரியவர்கள் முன்வரிசையில் இருப்பார்களாம். கம்ப்யூட்டர் பேசுவதை நான்தான் செய்து காட்ட வேண்டுமாம். சிவபாலனே கெஞ்சிக் கேட்டிருக்கிறான். காட்டுகிறேன். பெட்டிக்கு ஆங்கிலம்தானே வாசிக்கத் தெரியும், அதனால் அவன் வாயால் சொன்னதை அப்படியே ஆங்கிலத்தில் தட்டி வைத்திருக்கிறேன், அவன் பெயரோடு. முதலில் பெட்டி அதை வாசிக்கும். ஸ்பீக்கர் வயரை ஓடிவந்து பிடுங்கினால் பிடுங்கட்டும். எனக்கு வாய் இருக்கிறது; தமிழிலும் சொல்வேன், சிங்களத்திலும் சொல்வேன். அவன் காலில் விழுந்தாலும் நிறுத்தமாட்டேன், இது சத்தியம்.

உன்மேல் ஒரு பிழையும் இல்லை என்று ஊர் கேட்கச் சொல்லப்போகிற
உன் தங்கச்சி