இவரின் துவக்குக்கு ஒரு விலை

செப்ரெம்பர் 20, சனி

காலையிலிருந்து தூறல். தலையிடி. பால் முடிந்துவிட்டது, கடைக்குப் போகவில்லை.

துவக்குக் கடைக்காரர் மறுபடியும் போன். இவர் செத்த கிழமையே பொலிஸ் வந்து, படிக்கட்டுக்குக் கீழே இருந்த இரும்பு அலுமாரியைத் திறந்து, துவக்கை எசெக்ஸ் பக்கம் ஒரு கடையில் பாதுகாப்புக்குக் கொடுத்தது. என்னிடம் லைசென்ஸ் இல்லை, வீட்டில் வைத்திருக்க ஏலாது. விற்க வேண்டும். இல்லையென்றால் பொலிஸிடம் கொடுத்து வெட்டச் சொல்ல வேண்டும்.

வெட்டட்டும். அந்தச் சனியனை என் கண்ணில் காட்டக்கூடாது.

ஞாயிறு என்றால் கிளப். கடதாசி இலக்கில் சுடுவது. வந்து குந்தியிருந்து துடைப்பது. எண்ணெய், துணி, கம்பி, பிரஷ். என்னோடு இருந்து ஒரு தேத்தண்ணி குடிக்க இந்த மனிசனுக்கு நேரம் வந்ததில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து இவருக்கு என்னில் விருப்பமா இல்லையா என்றே தெரியாது. இனி யாரிடம் கேட்பது.

செப்ரெம்பர் 23, செவ்வாய்

குளிர் தொடங்கிவிட்டது. சோறு வைத்தேன், பழக்கத்தில் இரண்டு பேருக்கு.

ரமணன் வந்தார். இவரின் தம்பி, நோர்பரியில் இருப்பவர். சனிக்கிழமை துவக்குக் கடைக்குக் கூட்டிப் போகிறாராம். ஒரே கவலை அவருக்கு.

“அண்ணி, கோயிலில ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதேங்கோ. ஊரில துவக்குக்குப் பயந்து ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து துவக்கு வாங்கினவர் எண்டு சிரிப்பினம்.”

நானும் ஒருநாள் இவரிடம் கேட்டேன், ஏன் இது என்று. “இது நான் அமத்தினாத்தான் வெடிக்கும்,” என்றார். பிறகு குனிந்து துடைப்பு. அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

செப்ரெம்பர் 27, சனி

வெயில், ஆனால் சூடில்லை. வழியெல்லாம் ரோட்டு வேலை.

கடைக்காரர் பெயர் கீத். வயதானவர், நல்ல மனிசன். மேசையில் துணி விரித்துத் துவக்கை வைத்தார். ஆமிக்காரன் வைத்திருப்பது போலவே. பார்த்ததும் ரமணனுக்கு முகம் வெளிறிப் போனது. தோற்றம்தான் அப்படி, சின்னக் குண்டு போடுவது, ஒவ்வொரு அமத்தலுக்கும் ஒரு வெடி, பெரியதென்றால் இந்த நாட்டில் வைத்திருக்கவே விடமாட்டார்கள் என்று கீத் விளக்கினார்.

விலை பார்க்கத் தொடங்கினார். குழலுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்: கண்ணாடி மாதிரி. ஸ்பிரிங் நல்லது. விசை நல்லது. குண்டு போடும் மகசீன் மூன்று, ஒன்றின் வாய் கொஞ்சம் நெளிவு. தொலைநோக்கி தனியாக விற்கலாம். இப்படிப் பராமரித்த ஆளைத் தான் கண்டதில்லையாம். பிறகு இடப்பக்கம் திருப்பினார். கறுப்பு உருக்கில், பெருவிரல் அளவுக்குத் துரு. குழிகுழியாக அரித்திருக்கிறது. இதால் பாதி விலை போய்விடும் என்றார்.

நான் அதைக் கண்டதும் கதிரையில் குந்திவிட்டேன்.

சந்தனம். சரஸ்வதி பூசைக்கு வருசாவருசம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைப்பேன். தையல் மெசின், கார், மிக்ஸி, பிள்ளையின் லப்டொப். துவக்கையும் கொண்டு வாங்கோ என்று இவருக்குச் சொன்னது நான்தான். அலுமாரிச் சாவி எங்கே என்று சட்டப்படி மனிசிக்கும் தெரியக்கூடாது. அதனால் இவரே எடுத்து வந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் அந்த இடத்தில்தான் ஈரச் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைப்பேன். நான் அந்தப் பக்கம் போனதும் துடைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். இந்த மனிசனுக்குத் தூசி பட்டாலே பொறுக்காதே.

கீத் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். உங்கள் மனிசன் இதை முதல் வருசமே கண்டிருப்பார், காணாமல் இருக்க வழியில்லை என்றார். சுற்றிவர எண்ணெய் போட்டிருக்கிறது. துருவின் விளிம்பு வரைக்கும் வந்து நிற்கிறது. அதன்மேல் ஒரு துளி இல்லை.

“அண்ணைக்கு விசர், முழுப் பைத்தியம்,” என்றார் ரமணன்.

வீட்டுக்கு வந்து கத்திக் கத்தி அழுதேன். ஏன் சொல்லவில்லை? வாயில் என்ன கொழுக்கட்டையா?

ஒக்ரோபர் 1, புதன்

சரஸ்வதி பூசை. செத்த வீடு, இந்த வருசம் பூசை இல்லை. கிரைண்டர் சும்மா கிடக்கிறது. மகள் போன் எடுத்தாள், அம்மா சாப்பிட்டீங்களா, யூ ஓகே? ஓம் என்றேன். பொய்.

கீத்துக்கு நானே போன் அடித்தேன். என் இங்கிலீசில் தட்டித் தடவிக் கேட்டேன்:

1. அந்தத் துண்டை மட்டும் வெட்டித் தர ஏலாதா? ஏலாது. சட்டத்துக்கு அந்தத் துண்டுதான் துவக்கு. மற்றதெல்லாம் சாமான்.

2. வெடிக்காமல் செய்து தந்தால் வைத்திருக்கலாமாமே? வைத்திருக்கலாம். ஆனால் வெல்டு வைப்பது அந்தப் பக்கத்தில்தான். எல்லாம் கருகிவிடும்.

3. நான் லைசென்ஸ் எடுத்தால்? விண்ணப்பத்தில் எதற்கு என்று எழுதுவீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

வாங்க ஒரு ஆள் இருக்கிறதாம். விற்றால் வாங்குகிறவர் துருவைத் தேய்த்துவிடுவார், பொலிஸிடம் கொடுத்தால் இரும்பே வெட்டுப்படும். இதில் எதை நான் தெரிவு செய்ய? கடவுளே, ஒன்றும் விளங்கவில்லை. சாப்பிடவில்லை. படுத்தாலும் நித்திரை இல்லை.

ஒக்ரோபர் 4, சனி

காற்று. வேலி சாய்ந்துவிட்டது. விற்கச் சொல்லிவிட்டேன்.

கீத்தின் கடைக்கு வாங்க வந்தவர் இவரோடு கிளப்பில் சுட்டவராம், வெள்ளைக்காரர். என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார். துருவைக் கண்டதும் சிரித்தார், பிறகு கண் கலங்கினார். எத்தனையோ பேர் அதைத் தேய்த்துத் தருகிறோம் என்று கேட்டார்களாம். இவர் கை வைக்க விடமாட்டாராம். இது என்னுடைய மனிசி வைத்தது என்பாராம். புதிதாக வருகிறவர்களுக்கும் கூப்பிட்டுக் காட்டுவாராம்.

கிளப் முழுக்கத் தெரியும். எனக்குத் தெரியாது.

கறுப்புப் பூச்சுத் திரும்ப அடிக்க வேண்டும், அதற்கு முன்னம் தேய்க்க வேண்டும், உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். கீத் என்னைப் பார்த்தார், ரமணன் என்னைப் பார்த்தார். ஒரு தடவை தொடட்டுமா என்றேன். கீத் துவக்கைப் பிடித்துக்கொண்டார். சொரசொரவென்று இருந்தது.

தேயுங்கோ என்றேன்.